கவுண்டி நூல்களின் வழியே: இந்தியானாவில் ஒரு பெயரடைவுப் பயணம்

சிகாகோவின் தென்புறநகர்களைக் கடந்து இந்தியானா மாநிலத்துக்குள் நுழையும் யூ.எஸ். 30 என்னும் நெடுஞ்சாலை, வால்பரைசோ, பிளைமவுத், வார்சா, கொலம்பியா சிட்டி ஆகிய நான்கு ஊர்களின் ஓரமாகச் சென்று ஃபோர்ட் வெயின் நகரை அடைகிறது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளும் இவ்வழியில் மலையோ அருவியோ இல்லை. மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி வருகின்றன, நடுநடுவே தானியக் கிடங்குகளின் உருளைக் கோபுரங்கள் தெரிகின்றன. சுற்றுலாக் கையேடுகள் இதனைப் பொருட்படுத்தாமல் விடுவதில் வியப்பில்லை. ஆயினும் இவ்வைந்து ஊர்களும் ஒவ்வொரு கவுண்டியின் தலைமையிடமாக அமைந்தவை என்பதும், அந்த ஐந்து கவுண்டிகளைப் பற்றியும் 1880களிலேயே வரலாற்று நூல்கள் அச்சேறிவிட்டன என்பதும், பழைய குடும்பங்களின் பெயர்களைத் தேடித் தொகுக்கப் புறப்படும் ஒருவருக்கு இந்தச் சாலையை அமெரிக்காவின் வளமான வழிகளுள் ஒன்றாக்குகின்றன.

கவுண்டி என்பது மாநிலத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட ஆட்சிப் பிரிவு. பரப்பில் தமிழ்நாட்டின் வட்டத்தைவிடப் பொதுவாகப் பெரியது, மாவட்டத்தைவிடச் சிறியது. இந்தியானாவில் மட்டும் 92 கவுண்டிகள் உள்ளன. திருமணப் பதிவு, உயில், நிலப் பத்திரம் ஆகியவை கவுண்டியின் தலைமை ஊரிலேயே காக்கப்படுவதால், அந்நாட்டில் ஒரு குடும்பத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் ஒரு கவுண்டியின் வரலாறாகவே எழுதப்படுகிறது.

அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி, ஒவ்வொரு கவுண்டியும் ஊரும் தன் வரலாற்றை எழுதுவித்து 1876 ஜூலை 4 அன்று மக்கள் முன் படிக்கச் செய்து, அதன் படியைக் காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வாண்டு மார்ச் 13 அன்று தீர்மானம் இயற்றிப் பரிந்துரைத்தது. தீர்மானம் வேண்டியது ஒரு சொற்பொழிவு அளவிலான வரலாற்றுக் குறிப்பு மட்டுமே. ஆனால் சிகாகோவின் பதிப்பகங்கள் அப்போது பெருகியிருந்த உள்ளூர்ப் பெருமிதத்தை விற்பனைப் பொருளாக்கும் வழியை நன்கு அறிந்திருந்தன. 1858 இறுதியில் சிகாகோவை எட்டிய ஃபோர்ட் வெயின் இருப்புப்பாதை பிளைமவுத், வார்சா, கொலம்பியா சிட்டி வழியாகவே செல்வதால், பதிப்பகங்களின் முகவர்கள் இறங்கி ஏறுவதற்கும் இவ்வழி எளிதாக இருந்தது. அவர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று முன்பணச் சந்தா திரட்டினர். சந்தா கொடுத்த உழவர், மருத்துவர், மாவு ஆலைக்காரர், பலசரக்குக் கடைக்காரர் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்பு நூலில் இடம்பெற்றது. எஃகுத் தகட்டில் செதுக்கிய உருவப்படம் வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம். இவ்வணிகத்தின் தந்திரங்களை அம்பலப்படுத்தி பேட்ஸ் ஹாரிங்டன் என்பவர் 1879லேயே ஒரு முழு நூல் எழுதினார் என்பதிலிருந்து, முகவர்களின் நடமாட்டம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை ஊகிக்கலாம். இந்நூல்களைப் பிற்கால நூலகர்கள் முகப்புத்தகங்கள் என்ற பொருளில் ‘மக் புக்ஸ்’ என ஏளனமாக அழைத்தனர். ஏளனம் பொருந்தாதது அன்று. பணம் கொடுத்தவர் எவரும் இவற்றில் சோம்பேறியாகவோ கடன்காரராகவோ காணப்படுவதில்லை.

எனினும் இவற்றை ஒதுக்கிவிட முடியாமைக்கு உறுதியான காரணங்கள் உண்டு. 1871 அக்டோபரில் மூண்ட பெருந்தீயில் சிகாகோவின் பதிவேடுகள் அழிந்தன. இந்தியானாவில் பிறப்பு, இறப்புப் பதிவு 1882இல்தான் தொடங்கியது. அதன் பின்னும் சில பத்தாண்டுகள் அது முழுமை பெறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ 6.3 கோடி மக்களைக் கணக்கெடுத்த 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் படிவங்கள், 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில் எரிந்தும் நனைந்தும் பாழாகி, எஞ்சியவையும் பின்னர் அரசின் ஆணைப்படியே அழிக்கப்பட்டன. இன்று சுமார் 6,000 பெயர்களைக் கொண்ட துணுக்குகளே மிஞ்சியுள்ளன. 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டு இருளில் ஒரு குடும்பம் எங்கே இருந்தது, யார் யாரை மணந்தார், எந்தப் பிள்ளை மேற்கே குடிபெயர்ந்தது என்பதைச் சொல்லும் அச்சுச் சான்று பல வேளைகளில் அந்தப் பணம் வாங்கி எழுதிய குறிப்பு ஒன்றே ஆகும்.

தொகுப்பாளரின் பயணம் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் தொடங்குவது பொருத்தமாகும். வால்டர் நியூபெரியின் உயில் கொடையால் 1887இல் நிறுவப்பட்டு, 1893 முதல் வாஷிங்டன் சதுக்கத்தை நோக்கிய கருங்கல் கட்டடத்தில் இயங்கிவரும் இந்நூலகத்தின் நூல்கள் வெளியே இரவல் தரப்படுவதில்லை. வாசகர் அட்டை பெற்று, வேண்டிய நூலைக் கேட்டு, மேசையில் காத்திருந்து படிக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்குள்ள பணியாளர்கள் உள்ளூர் வரலாறுகளையும் குடும்ப வரலாறுகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டிக் குடும்பப்பெயர்களைச் சீட்டுகளில் எழுதத் தொடங்கினர். அவ்வுழைப்பு 1960இல் நான்கு பெருந்தொகுதிகளாக அச்சிடப்பட்டது. பெயரடைவு என்பது எத்தகைய வேலை என்பதை அறிய அத்தொகுதிகளின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும். ஒரே குடும்பப்பெயர் மாநிலவாரியாகவும் கவுண்டிவாரியாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நூலின் பெயரும் பக்க எண்ணும் சுருக்கக் குறிகளால் தரப்பட்டுள்ளன; கதை ஏதும் இல்லை, கருத்தும் இல்லை.

வால்பரைசோ போர்ட்டர் கவுண்டியின் தலைமை ஊர். 1934 டிசம்பரில் எரிந்து, கோபுரம் இழந்து மீண்டும் கட்டப்பட்ட நீதிமன்றம் ஊர் நடுவே நிற்கிறது. 1882இல் எஃப். ஏ. பேட்டி நிறுவனம், வெஸ்டன் குட்ஸ்பீட், சார்லஸ் பிளான்சர்ட் ஆகிய இருவரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு போர்ட்டர், லேக் கவுண்டிகளுக்கு ஒரு நூலை வெளியிட்டது; அதே ஆண்டில் அதே நிறுவனம், அதே இருவரைக் கொண்டு, இச்சாலையின் மறுகோடியிலுள்ள விட்லி, நோபல் கவுண்டிகளுக்கும் ஒரு நூலைக் கொண்டுவந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு வார்ப்பு விளங்கிவிடும். பிறந்த ஆண்டும் இடமும், பெற்றோரின் பூர்வீகம், இத்தனை பிள்ளைகளுள் இத்தனையாவது பிள்ளை என்ற செய்தி, கல்வி, உள்நாட்டுப் போரில் சேர்ந்த படைப்பிரிவு, வந்து குடியேறிய ஆண்டு, நிலத்தின் அளவு, மணந்த பெண்ணும் அவளுடைய தந்தையும், உயிரோடுள்ள பிள்ளைகள், கட்சி, திருச்சபை என்று வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. குறிப்புக்கு உரியவர் ஒருவர்தான். ஆனால் பத்துப் பதினைந்து வரிகளுக்குள் பெற்றோர், மாமனார், முதல் மனைவி, இரண்டாம் மனைவி, மருமகன்கள், கூட்டாளிகள் எனப் பலர் வந்து போகின்றனர்.

நூலின் தொடக்கத்திலோ இறுதியிலோ பதிப்பகம் தரும் பட்டியலில் சந்தா கொடுத்தவரின் பெயர் மட்டுமே இருக்கும். அதுவும் முதல் எழுத்தளவில் அகரவரிசைப்பட்டு, உள்ளே தாறுமாறாகக் கிடப்பதுண்டு. புதிய பெயரடைவின் தேவை இங்கேதான் எழுகிறது. அனைத்துப் பெயர் அடைவு என்று இத்துறையினர் அழைக்கும் முறையில், பக்கத்தில் வரும் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு பதிவு உண்டு. காசு கொடுத்தவருக்கும், அவருடைய மூன்று மாதக் குழந்தையாய் இறந்த மகளுக்கும் ஒரே அளவு இடந்தான். இவ்வகை நூல்களின் பெருமையடிப்பை யாரும் நம்ப வேண்டியதில்லை என்றும், பெருமையடிப்பின் ஓரத்தில் தற்செயலாக வந்து நிற்பவர்களுக்காகவே இந்நூல்கள் இன்று படிக்கத் தக்கவை என்றும் துணிந்து சொல்லலாம்.

பெண்களின் பெயரைப் பதிவதுதான் இவ்வேலையின் கடினமான பகுதி. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய தமிழ் வாசகருக்கு, ஒரு பெண் தன் வாழ்நாளில் மூன்று குடும்பப்பெயர்களைச் சுமக்கக்கூடும் என்பது உடனே மனத்தில் படுவதில்லை. ஒரு கைம்பெண் மறுமணம் செய்துகொண்டால், பிறந்த வீட்டுப் பெயரிலும், இறந்த கணவரின் பெயரிலும், இரண்டாம் கணவரின் பெயரிலும் அவளை மூன்று இடங்களில் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காணச் சொல்லும் குறிப்பும் சேர்க்க வேண்டும். கணவர் பெயரின் முன் ‘திருமதி’ என்பதற்குரிய சொல்லை மட்டும் சேர்த்து அச்சிட்டிருந்தால், அவளுடைய சொந்தப் பெயருக்குரிய இடத்தைக் காலியாக விட்டு, காலி என்பது தெரியும்படி ஒரு கோடிட வேண்டும். ஊகித்து நிரப்புவது குற்றம்.

ஆண்களின் பெயரிலும் கண்ணிகள் உண்டு. மூத்தவர், இளையவர் என்று பொருள்படும் சீனியர், ஜூனியர் என்ற ஒட்டுகள் 19ஆம் நூற்றாண்டில் தந்தையையும் மகனையும் மட்டும் குறிக்கவில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரை வயதால் பிரித்துக் காட்டவும் அவை பயன்பட்டன, மூத்தவர் இறந்தபின் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியர் ஆவதும் உண்டு. வில்லியம், ஜேம்ஸ், சார்லஸ், ஜான் ஆகிய பெயர்களை அச்சுக்கோப்பவர்கள் சுருக்கிய விதத்தில், ஜானின் சுருக்கம் ஜோனதனின் சுருக்கமாகத் தவறாகப் படிக்கப்பட்டுக் குடும்பமே இடம் மாறிய பெயரடைவுகள் உள்ளன. ஊர்ப்பெயரும் அவ்வாறே. 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்ததால், 1820இல் வர்ஜீனியாவில் பிறந்ததாக எழுதப்பட்டவர் இன்றைய எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பது கவுண்டியின் பெயரைப் பார்த்தபின்பே தெளிவாகும். இத்தகைய இடங்களில் நூல் அச்சிட்டதை அப்படியே பதிவதும், தொகுப்பாளரின் விளக்கத்தைச் சதுர அடைப்புக்குள் வைப்பதும் முறை. பெயரடைவு நூல் சொன்னதைச் சொல்ல வேண்டுமேயன்றி, உண்மை எது என்று தீர்ப்பு வழங்கக் கூடாது.

நிலத்தைப் பற்றிய குறிப்புகளைச் சாலையே விளக்கிவிடுகிறது. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரங்களாக நாடு அளக்கப்பட்டு, டவுன்ஷிப் எனப்படும் ஒவ்வொரு சதுரமும் 36 பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் 640 ஏக்கராகவும் வகுக்கப்பட்டது. பதினாறாம் பிரிவு பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. யூ.எஸ். 30இலிருந்து விலகிக் கிராமச் சாலைகளில் செல்பவர், மைலுக்கு ஒன்றாக நேர்கோட்டில் குறுக்கிடும் பாதைகளைக் காண்பார். வாழ்க்கைக் குறிப்பில் வரும் 160 ஏக்கர் என்பது ஒரு பிரிவின் கால்பங்கு. அதன் எண் தெரிந்தால் அந்த வயலின் ஓரத்திலேயே போய் நின்றுவிடலாம். அக்கம்பக்கத்துப் பிரிவுகளின் உரிமையாளர்களைப் பார்த்தால், மருமகள் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகையால் டவுன்ஷிப், பிரிவு எண் ஆகியவற்றுக்கு ஒரு தனிப் பத்தி இல்லாத பெயரடைவு பாதி வேலையே.

பிளைமவுத்தில் இப்பயணத்தின் போக்கு மாறுகிறது. 1836இல் அமைக்கப்பட்ட மார்ஷல் கவுண்டியின் தலைமை ஊரான இதன் தென்மேற்கே, இரட்டை ஏரிகள் என்று பெயர் பெற்ற இடத்தில், போட்டவாட்டமி என்னும் தொல்குடியினர் தலைவர் மெனாமினியின் கீழ் வாழ்ந்திருந்தனர். தம் நிலத்தை விற்றதாகக் காட்டப்பட்ட ஒப்பந்தத்தில் மெனாமினி கையொப்பமிடவில்லை. 1838 செப்டம்பர் 4 அன்று, ஜான் டிப்டன் தலைமையில் ஆயுதம் தாங்கிய தன்னார்வப் படை சூழ, 859 பேர் இங்கிருந்து கான்சஸ் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் 40க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில் குடியேறியவர்களே 1880களின் வாழ்க்கைக் குறிப்புகளில் காட்டைத் திருத்திய முன்னோடிகளாகப் புகழப்படுகின்றனர். 1851ஆம் ஆண்டின் இந்தியானா அரசியலமைப்பு கறுப்பின மக்கள் மாநிலத்துக்குள் வந்து குடியேறுவதையே தடுத்தது. அவர்களின் பெயர்களும் இந்நூல்களில் அரிது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. 1881இலும் 1908இலும் மார்ஷல் கவுண்டியின் வரலாற்றை எழுதிய டேனியல் மெக்டொனால்ட், தாமே மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, மெனாமினிக்கு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1909 செப்டம்பர் 4 அன்று இரட்டை ஏரிகளின் அருகே சிலை திறக்கப்பட்டது. வயல்களின் நடுவே சிறு தோட்டத்தில் நிற்கும் அச்சிலையைக் காண நெடுஞ்சாலையிலிருந்து விலகிச் சில மைல் செல்ல வேண்டும். பெயரடைவு தொகுப்பவர் இதிலிருந்து பெறும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: கவுண்டி நூலின் பொது வரலாற்றுப் பகுதியைப் பலர் அடைவில் சேர்ப்பதில்லை, வாழ்க்கைக் குறிப்புப் பகுதியோடு நின்றுவிடுகின்றனர், மெனாமினி போன்றோரின் பெயர் வருவதோ அந்த முதற்பகுதியில்தான். அதை விட்டுவிட்ட பெயரடைவு, பதிப்பகம் செய்த புறக்கணிப்பை இரண்டாம் முறை செய்கிறது.

வார்சா, போலந்தின் வீரர் கோஷ்சியுஸ்கோவின் பெயர் தாங்கிய கவுண்டியின் தலைமை ஊர். 1887இல் லூயிஸ் பதிப்பகம் இக்கவுண்டிக்கு வெளியிட்ட நூல், ஜார்ஜ் வாஷிங்டன் முதல் குரோவர் கிளீவ்லண்ட் வரையிலான குடியரசுத் தலைவர் அனைவரின் படங்களோடும் வாழ்க்கை வரலாறுகளோடும் தொடங்குகிறது. அதே பக்கங்களை அப்பதிப்பகம் வேறு கவுண்டிகளின் நூல்களிலும் சேர்த்தது என்பதை அறிந்தால், நூலின் கனம் எப்படிக் கூடியது என்பது விளங்கும். இப்பக்கங்களை அடைவிலிருந்து நீக்கிவிடலாம். ஆபிரகாம் லிங்கனைத் தேடி எவரும் கோஷ்சியுஸ்கோ கவுண்டிக்கு வருவதில்லை.

இவ்வகை நூல்கள் சிலவற்றின் முன்னுரையில் கூர்ந்து படிக்கத்தக்க ஒரு செய்தி உள்ளது. எழுதிய குறிப்பு உரியவருக்கே தபாலில் அனுப்பித் திருத்தம் பெறப்பட்டதாகவும், திருத்தித் திருப்பி அனுப்பப்படாத குறிப்புகளுக்குச் சிறு நட்சத்திரக் குறி இடப்பட்டுள்ளதாகவும் பதிப்பாளர் கூறுகிறார். குறி இல்லாதது குடும்பமே பார்த்து ஒப்பியது. குறி உள்ளது முகவர் கேட்டு எழுதியதோடு நின்றது. சான்றின் தரத்தை இவ்வளவு எளிதாகக் காட்டும் இக்குறியை, பெயரடைவுகள் பெரும்பாலும் கைவிட்டுவிடுகின்றன என்பது வருந்தத்தக்கது.

கொலம்பியா சிட்டியில் அதிக நேரம் தங்க வேண்டியதில்லை. 1913 முதல் 1921 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் மார்ஷல் வாழ்ந்த வீடு இங்கே அருங்காட்சியகமாக உள்ளது. இவ்வூர் நீதிமன்றத்தை வடிவமைத்தவர் பிரென்ட்வுட் டோலன். அவரே ஃபோர்ட் வெயினில் 1902இல் நிறைவுற்ற ஆலன் கவுண்டி நீதிமன்றத்தையும் வடிவமைத்தார். வார்சாவின் நீதிமன்றம் அவருடைய தந்தை தொடங்கி அவர் முடித்தது.

ஃபோர்ட் வெயினின் ஆலன் கவுண்டி பொதுநூலகத்தில் 1961இல் தொடங்கப்பட்ட வம்சாவளி மையம், அமெரிக்கப் பொதுநூலகங்களில் உள்ள இவ்வகைத் தொகுப்புகளுள் மிகப் பெரியது. நியூபெரிக்கு மாறாக, இங்கே அடுக்குகள் திறந்திருக்கின்றன. வந்தவர் தாமே நூலை எடுக்கலாம், கட்டணம் இல்லை. மாநிலம், கவுண்டி என்ற வரிசையில் நிற்கும் நூல்களின் பக்கத்தில், 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் டபிள்யூ.பி.ஏ. என்னும் அரசு வேலைத் திட்டத்தின் கீழ் வேலையற்றோரைக் கொண்டு தட்டச்சு செய்யப்பட்ட பெயரடைவுகளையும் காணலாம். வேலை கொடுப்பதற்காகவே உருவாக்கப்பட்ட வேலை என்று அக்காலத்தில் கேலி செய்யப்பட்ட அந்த உழைப்பே, இந்தியானாவின் பல கவுண்டி நூல்களுக்கு முதல் முழு அடைவைத் தந்தது.

இன்று நூல்கள் ஒளிவருடப்பட்டு, எந்தச் சொல்லையும் கணினியில் தேடலாம் என்ற நிலையில் பெயரடைவு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆங்கில எழுத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் கணினி அதனை எம் என்று படிப்பதால், பர்ன்ஸ் குடும்பம் பம்ஸ் ஆகிக் காணாமற்போகிறது. ஒரே பெயருடைய மூவரைக் கணினி பிரிப்பதில்லை. மறுமணம் செய்த பெண்ணை அது இணைப்பதும் இல்லை. ஒலியால் ஒத்த பெயர்களைச் சேர்ப்பதற்கு ராபர்ட் ரஸ்ஸல், மார்கரெட் ஓடெல் ஆகியோர் வகுத்து 1918இல் காப்புரிமை பெறப்பட்ட சவுண்டெக்ஸ் என்னும் முறை, பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு மற்ற மெய்யொலிகளை மூன்று எண்களாக மாற்றுகிறது; ஸ்மித்தும் ஷ்மிட்டும் எஸ்530 என்ற ஒரே குறியில் சேர்கின்றன. ஆனால் முதலெழுத்து மாறினால் அம்முறை தோற்கிறது: ஜெர்மனியிலிருந்து வந்த கோஹ் குடும்பம் கே200இலும், அதுவே ஆங்கிலமாகி குக் என்றானபின் சி200இலும் விழுகிறது. ஜெர்மானியர் திரளாகக் குடியேறிய ஆலன் கவுண்டியில் இது அரிய நிகழ்வன்று. இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே வீட்டாருடையவை என்பதை 1889இல் வெளிவந்த மேல் மாமி ஆற்றுப் பள்ளத்தாக்கு வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

ஹரித்வாரின் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள் வழிவழியாக எழுதிவரும் யாத்திரிகர் வம்சப் பதிவேடுகளையும் யூட்டா மாநிலத்தின் வம்சாவளிச் சங்கம் நுண்படமெடுத்துள்ளது; அவற்றிலும் ஊர், சாதி, குலம் என்ற வரிசை தெரியாமல் பெயரை மட்டும் கொண்டு தேடுபவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். கவுண்டி நூல்களுக்கும் அதே நிலைதான்.

இவ்வழியே செல்ல விரும்புவோர், பெயரடைவில் கண்ட பக்கத்தை நூலிலேயே படித்து, நட்சத்திரக் குறி உண்டா என்று பார்த்து, அதன் பின் திருமணத்துக்கும் உயிலுக்கும் கவுண்டி எழுத்தரின் அலுவலகத்தையும், நிலத்துக்குப் பதிவாளரின் அலுவலகத்தையும் அணுக வேண்டும். இவ்விரண்டும் வார இறுதியில் திறப்பதில்லை. ஆகவே நூலக வேலையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, நீதிமன்ற ஊர்களைத் திங்கள் முதல் வெள்ளிக்குள் முடித்துக்கொள்ளும்படி பயணத்தை அமைப்பது நல்லது.